லினக்ஸில் வைஃபை ஆமை வேகமா? டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

உபுண்டுவோ மின்ட்டோ புதிதாகப் போட்டவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “விண்டோஸில் நன்றாக ஓடிய வைஃபை இதில் ஏன் இப்படி இழுக்கிறது?” கேட்ட கையோடு இணையத்தில் தேடுவார்கள். எட்டு, பத்து வருடத்துக்கு முன் யாரோ வேறு ஒரு வைஃபை கார்டுக்காக எழுதிவைத்த கட்டளை கிடைக்கும். என்ன ஏதென்று பார்க்காமல் அதை டெர்மினலில் ஒட்டிவிடுவார்கள். வேகம் கூடாது, சில நேரம் இருந்த வேகமும் போய்விடும். கடைசியில் “லினக்ஸே இப்படித்தான்” என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். வைஃபை வேகச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணத்தை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். கார்டு இந்த நொடியில் ரவுட்டரோடு எந்த வேகத்தில் பேசுகிறது, எத்தனை பாக்கெட்டுகளை (சிறு தரவுத் துண்டுகளை) மறுபடி அனுப்ப வேண்டி வந்தது என்பதுவரை லினக்ஸ் சொல்லும். கேட்கத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள். மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டு வேகம் கூடினால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். ‘சுடோ’ என்று தொடங்கும் கட்டளைகளுக்குக் கடவுச்சொல் கேட்கும்.

எந்த வேகம் குறைகிறது?

நாம் “நெட் ஸ்பீடு” என்று ஒரே பெயரில் சொல்வது மூன்று வெவ்வேறு வேகங்களை. ஒன்று, இணைய நிறுவனம் வீட்டுக்குத் தரும் வேகம். இரண்டாவது, கார்டும் ரவுட்டரும் காற்றில் பேசிக்கொள்ளும் வேகம்; இதை லிங்க் வேகம் என்போம். மூன்றாவது, அந்த லிங்கின் மேல் உண்மையில் கடந்துபோகும் தரவின் வேகம். டிரைவரால், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளால், கெடுக்க முடிவது இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும்தான். ஸ்பீடு டெஸ்ட் தளமோ மூன்றையும் கலந்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது. அதனால் அதை நம்பி டிரைவரை நோண்டக் கூடாது.

வைஃபையில் லிங்க் வேகம் எவ்வளவோ அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரைதான் கைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் வர வேண்டும், காற்று காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். மீதி அதில் போய்விடுகிறது. லிங்க் 144 என்று காட்டி, கோப்பு 80 எம்பிபிஎஸ்ஸில் இறங்கினால் அது பழுதே இல்லை. இன்னொன்று: எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். பிரவுசர் காட்டுவது மெகாபைட், அதாவது எட்டில் ஒரு பங்கு. 40 எம்பிபிஎஸ் லைனில் பிரவுசர் 5 என்று காட்டுவது சரிதான்.

வைஃபையை மட்டும் தனியாக அளக்க ‘ஐபெர்ஃப்3’ என்ற கருவி இருக்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபெர்ஃப்3’ என்றால் வந்துவிடும். ரவுட்டரோடு ஒயரில் இணைத்த இன்னொரு கணினியில் ‘ஐபெர்ஃப்3 -எஸ்’ என்று ஓடவிடுங்கள். உங்கள் லேப்டாப்பில் ‘ஐபெர்ஃப்3 -சி’ போட்டு, ஒரு இடம் விட்டு, அந்தக் கணினியின் ஐபி முகவரியைத் தட்டுங்கள். 10 நொடி தரவு அனுப்பிவிட்டு சராசரி சொல்லும். இது லேப்டாப்பிலிருந்து வெளியே போகும் வேகம். உள்ளே வரும் வேகத்துக்கு அதே கட்டளையின் கடைசியில் ‘-ஆர்’ சேர்க்க வேண்டும். இங்கே ஆர் பேரெழுத்து. இரண்டையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். போகும் வேகமும் வரும் வேகமும் பெரிதும் வேறுபட்டால் அதுவே நல்ல துப்பு.

எத்தனை முறை அளந்தாலும் முடிவு 94-ஐ ஒட்டியே நின்றால் வைஃபையை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள். விலை குறைந்த பல ரவுட்டர்களின் லேன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ்தான். அதில் நடைமுறையில் கிடைப்பது சுமார் 94. அந்த அளவைத் தாண்டிய வைஃபையை அந்த ரவுட்டரை வைத்து அளக்கவே முடியாது.

இரண்டாவது கணினி இல்லையா? அதே லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து ஒரு ஸ்பீடு டெஸ்ட், கேபிளைக் கழற்றி வைஃபையில் ஒன்று, அதே இடத்தில் போனை வைத்து ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் உங்கள் லினக்ஸ் நிரபராதி.

உள்ளே இருப்பது எந்த கார்டு?

லேப்டாப்பின் பிராண்டை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு இன்டெல், அடுத்த தொகுதிக்கு ரியல்டெக் என்று மாறி மாறி வரும். ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று தட்டுங்கள். வரும் நீண்ட பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று தொடங்கும் பத்தியைத் தேடுங்கள். முதல் வரியில் கார்டின் பெயரும், சதுர அடைப்புக்குள் நான்கு நான்கு இலக்கமாக ஒரு அடையாள எண்ணும் இருக்கும். கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி. அதில் இருப்பதுதான் இப்போது வேலை செய்யும் டிரைவர். இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்றால் ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 12எம், 480எம், 5000எம் என்று அந்தப் போர்ட்டின் வேகம் இருக்கும். பெட்டியில் 1200 என்று போட்ட டாங்கிள் 480எம் வரியில் உட்கார்ந்திருந்தால், டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பெட்டியில் போட்டது கிடைக்காது. உள்ளே நீல நிறம் தெரியும் யுஎஸ்பி 3 போர்ட்டில் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

டிரைவர் பெயரைப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். ‘ஐடபிள்யூஎல்வைஃபை’ என்றால் இன்டெல். 2008-இலிருந்து லினக்ஸின் மையமான கர்னலோடு வருகிறது, நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. ‘ஏடிஎச்9கே’, ‘ஏடிஎச்10கே’ என்றால் ஏதெரோஸ், குவால்காம். ‘எம்டி’ என்று தொடங்கினால் மீடியாடெக். ‘ஆர்டிடபிள்யூ88’, ‘ஆர்டிடபிள்யூ89’ இரண்டும் ரியல்டெக்கின் புதிய டிரைவர்கள்; முன்னது கர்னல் 5.2-இலும் பின்னது 5.16-இலும் சேர்ந்தன. பிராட்காம் கார்டில் ‘பி43’ என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அந்த டிரைவருக்கு 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தெரியாது. கார்டு 11என் என்ற அடுத்த வைஃபை தரநிலையைச் சேர்ந்ததாக இருந்தாலும் அதைப் பழைய 11ஜி கார்டாகத்தான் ஓட்டும். பல பிராட்காம் கார்டுகளுக்கு உபுண்டுவின் ‘கூடுதல் டிரைவர்கள்’ பக்கத்தில் ‘டபிள்யூஎல்’ என்ற மாற்று டிரைவர் கிடைக்கும்.

லிங்க் வரியைப் படிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘ஐடபிள்யூ டெவ்’ என்று தட்டினால் ‘இன்டர்ஃபேஸ்’ என்ற வரியில் உங்கள் கார்டின் பெயர் வரும். டபிள்யூஎல்பி2எஸ்0 என்பதுபோல் இருக்கும். அந்தப் பெயரை வைத்து ‘ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 லிங்க்’ என்று கேளுங்கள். சில வரிகள்தான் வரும். ‘ஃப்ரீக்’ என்ற வரி எந்த அலைவரிசை என்று சொல்லும்: 2412, 2437 போல வந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5180, 5745 போல வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ். ‘சிக்னல்’ வரியில் ஒரு கழித்தல் எண். பிறகு ‘ஆர்எக்ஸ் பிட்ரேட்’, ‘டிஎக்ஸ் பிட்ரேட்’. முன்னது வரும் வேகம், பின்னது போகும் வேகம்.

இதைப் பார்க்கும்போது பலரும் பதறும் இடம் ஒன்று இருக்கிறது. சும்மா இருக்கும் லேப்டாப்பில் பார்த்தால் ‘ஆர்எக்ஸ்’ வெறும் 6 என்றோ 1 என்றோ காட்டும். கார்டு கடைசியாகப் பெற்ற பாக்கெட்டின் வேகம்தான் அது. தரவு ஓடாத நேரத்தில் அந்தப் பாக்கெட் குறைந்த வேகத்தில் வந்ததாக இருக்கலாம். அதனால் ஒரு டெர்மினலில் ஐபெர்ஃப்3 ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் லிங்க் வரியைப் பாருங்கள். அப்போது காட்டுவதுதான் கணக்கு.

போகும் வேக வரி இப்படி இருக்கும்: 866.7, பிறகு விஎச்டி-எம்சிஎஸ் 9, 80 மெகாஹெர்ட்ஸ், ஷார்ட் ஜிஐ, விஎச்டி-என்எஸ்எஸ் 2. ‘விஎச்டி’ என்றால் 11ஏசி. ‘எச்இ’ என்று இருந்தால் 11ஏஎக்ஸ், அதாவது வைஃபை 6. இரண்டும் இல்லாமல் வெறும் ‘எம்சிஎஸ்’ மட்டும் இருந்தால் 11என். எம்சிஎஸ் என்ற சொல்லே இல்லை என்றால் பழைய 11ஏ அல்லது 11ஜி முறை. ‘என்எஸ்எஸ்’ ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டங்கள் போகின்றன என்பதைச் சொல்கிறது. அதற்கு அத்தனை ஆன்டெனாக்கள் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள். 11என்னில் ஒரு ஓட்டம், 20 மெகாஹெர்ட்ஸ் சானல் அகலம் என்றால் உச்சம் 72.2. இரண்டு ஓட்டம் என்றால் 144.4. அகலம் 40 ஆனால் 150-உம் 300-உம். 11ஏசியில் 80 அகலத்துக்கு ஒரு ஓட்டம் 433.3, இரண்டு ஓட்டம் 866.7. வைஃபை 6-இல் அதே 80 அகலம், இரண்டு ஓட்டத்துக்குச் சுமார் 1200. உங்கள் லேப்டாப் கார்டில் ஆன்டெனா ஒன்றே ஒன்று என்றால், ரவுட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு ஓட்டத்துக்கான எண்தான் உங்கள் உச்சம். 2.4-இல் 72.2 என்று பார்த்துவிட்டு டிரைவர் சரியில்லை என்பவர்களில் பலருக்கு இருப்பது இந்த ஒற்றை ஆன்டெனா கார்டு.

வேகம் 54-இலேயே நின்றுவிட்டால்

லிங்க் வேகம் 54-ஐத் தாண்டவே இல்லை, எம்சிஎஸ் என்ற சொல்லும் இல்லை என்றால் எங்கோ 11என் முறையே அணைந்து கிடக்கிறது. காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

முதலாவது ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பு. டபிள்யூஈபி அல்லது டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறைகளோடு 11என் வேகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது தரநிலையிலேயே இருக்கிறது. ரவுட்டர் ‘டபிள்யூபிஏ’ அல்லது டிகேஐபியில் இருந்தால் டிரைவர் விதியை மதித்து 54-க்கு இறங்கிவிடும். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து ‘டபிள்யூபிஏ2, ஏஈஎஸ்’ என்று மாற்றுங்கள். ‘டபிள்யூபிஏ3’ இருந்தால் இன்னும் நல்லது. பாதுகாப்புக்கும் அதுதான் சரி.

இரண்டாவது, அதே ரவுட்டர் பக்கத்தில் ‘டபிள்யூஎம்எம்’ என்ற ஒரு கட்டம். என்னவென்று தெரியாமல் பலர் அணைத்துவைத்திருப்பார்கள். 11என் வேலை செய்ய அது கட்டாயம் வேண்டும். இயக்கிவிடுங்கள்.

மூன்றாவது, நான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழைய கட்டளை. இன்டெல் டிரைவருக்கு ‘11என்_டிஸேபிள்’ என்ற ஒரு திருகு, அதாவது மாற்றக்கூடிய ஓர் அமைப்பு, உண்டு. இணைப்பு அடிக்கடி அறுந்துபோன காலத்தில், அதை 1 என்று வைத்தால் இணைப்பு நிலைக்கும் என்று ஆளுக்கு ஆள் பரிந்துரைத்தார்கள். 1 என்று வைத்தால் 11என் முழுவதும் அணைந்துவிடும். அதன்மேல் கட்டப்பட்ட 11ஏசியும் சேர்ந்து போகும். மிஞ்சுவது 54. அந்தக் குறிப்பு இன்றும் தேடலில் முதலில் வருகிறது, இன்றும் புதியவர்கள் அதை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கணினியில் அது இருக்கிறதா என்று பார்க்க ‘கிரெப் -ஆர் 11என் /ஈடிசி/மோட்ப்ரோப்.டி’ என்று தேடுங்கள். ஏதேனும் வரி வந்தால், அந்தக் கோப்பை ‘சுடோ நானோ’வில் திறந்து, வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டுச் சேமித்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ‘கேட் /சிஸ்/மாட்யூல்/ஐடபிள்யூஎல்வைஃபை/பாராமீட்டர்ஸ்/11என்_டிஸேபிள்’ என்று கேட்டால் 0 என்று வர வேண்டும். முதல் சொல் பூனைக்கான ஆங்கிலச் சொல். சிஸ் என்பது எஸ், ஒய், எஸ்.

இதே திருகை 8 என்று வைக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அதற்கு வேறு கதை. சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே மூச்சில் அனுப்பும் முறையை, இன்டெல்லின் பழைய தலைமுறை கார்டுகளுக்கு 2014 வாக்கில் கர்னலில் அணைத்துவைத்தார்கள். அந்த கார்டுகளில் வரும் வேகம் நன்றாக இருக்கும், போகும் வேகம் மட்டும் படுத்துவிடும். 8 என்பது அந்தக் கட்டி அனுப்பும் முறையை மறுபடி இயக்கும். 6205 போன்ற பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது நிஜமாகவே பலன் தரும். அதற்குப் பின் வந்த கார்டுகளில் அது ஏற்கெனவே இயங்குவதால் 8 போட்டும் ஒன்றும் மாறாது.

காற்று

சிக்னல் வரியில் இருக்கும் எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 அருமை, மைனஸ் 60 நன்று, மைனஸ் 70-க்குக் கீழே போனால் வேகம் விழும், மைனஸ் 80-இல் இணைப்பு ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிது. நம் வீடுகளின் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே தடுக்கும். அதனால் ரவுட்டர் இருக்கும் அறையில் 5, இரண்டு சுவர் தாண்டினால் 2.4 என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் எதைப் பிடித்திருக்கிறது என்று ‘ஃப்ரீக்’ வரியில் பாருங்கள். ரவுட்டருக்கு அருகிலேயே உட்கார்ந்து 2.4-இல் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் குழப்பம் தீரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 எப்போதும் சந்தைக்கடை மாதிரிதான். ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்’ என்று தட்டினால் சுற்றுவட்டார ரவுட்டர்கள் எந்தெந்தச் சானலில் இருக்கின்றன என்று வரும். 1, 6, 11 ஆகிய மூன்று மட்டும் ஒன்றோடொன்று முட்டாதவை. அவற்றில் கூட்டம் குறைந்ததை ரவுட்டரில் தேர்ந்தெடுங்கள். நடுவில் 3, 9 என்று வைத்தால் இரண்டு பக்கத்தாரோடும் மோத வேண்டிவரும். அந்தப் பட்டியலில் ‘ரேட்’ என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அது அந்தந்த ரவுட்டர் அறிவிக்கும் உச்சம். உங்கள் வேகம் இல்லை.

2.4-க்கு இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. புளூடூத் ஹெட்செட் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. லேப்டாப்பில் இரண்டும் ஒரே கார்டில், பெரும்பாலும் ஒரே ஆன்டெனாவில் இருப்பதால் பாட்டு ஓடும்போது வைஃபை தளரும். மற்றொன்று யுஎஸ்பி 3. அதன் கேபிளும் ஹார்டு டிஸ்க்கும் 2.4-இல் இரைச்சலை எழுப்புகின்றன என்பதை இன்டெல் 2012-இலேயே ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். இரண்டுக்குமே தீர்வு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதுதான்.

‘ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 ஸ்டேஷன் டம்ப்’ என்ற கட்டளை இன்னும் உள்ளே காட்டும். ‘டிஎக்ஸ் பாக்கெட்ஸ்’, ‘டிஎக்ஸ் ரீட்ரைஸ்’, ‘டிஎக்ஸ் ஃபெயில்டு’ என்ற மூன்று வரிகளை ஐபெர்ஃப்3-க்கு முன்னும் பின்னும் குறியுங்கள். மறு அனுப்புதல் கொஞ்சம் இருப்பது சகஜம். தோல்வி எண் ஓடிக்கொண்டே இருந்தால், போன பாக்கெட்டுகளை ரவுட்டர் கேட்கவே இல்லை என்று பொருள். வரும் வேகம் நன்றாக இருந்து போகும் வேகம் மட்டும் மோசம் என்றால் இங்கேதான் விடை இருக்கும். பெரும்பாலும் லேப்டாப்பின் ஆன்டெனா அல்லது அதன் ஒயர் தளர்ந்திருக்கும்.

மின்சேமிப்பு

உபுண்டுவில் வைஃபை மின்சேமிப்பு இயல்பாகவே இயங்கியிருக்கும். கார்டு இடையிடையே தூங்கும். அந்த நேரத்தில் வந்த தரவை ரவுட்டர் பிடித்துவைத்திருந்து, அடுத்த பீக்கனில், அதாவது “நான் இங்கே இருக்கிறேன்” என்று அது நொடிக்குச் சுமார் பத்து முறை விடும் அறிவிப்பில், சொல்லும். இரண்டு பீக்கனுக்கு இடையே சுமார் 100 மில்லிநொடி. ரவுட்டரின் முகவரிக்கு ‘பிங்’ கொடுத்துப் பாருங்கள். 2, 3 மில்லிநொடி வர வேண்டிய இடத்தில் 80, 120 என்று தாவித் தாவி வந்தால் தூக்கம்தான் காரணம். இதில் கோப்பு இறங்கும் வேகம் அவ்வளவாகக் குறையாது. ஆனால் பக்கங்கள் திறக்கத் தயங்கும், வீடியோ அழைப்பு விட்டுவிட்டு வரும். “நெட் ஸ்லோ” என்று நமக்குத் தோன்றுவது பாதி நேரம் இதுதான்.

சோதித்துப் பார்க்க ‘சுடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 செட் பவர்_சேவ் ஆஃப்’. ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே போய்விடும், அதனால் பயப்பட வேண்டாம். பலன் தெரிந்தால் நிரந்தரமாக்கலாம். ‘/ஈடிசி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி’ அடைவில் ‘டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்.கான்ஃப்’ என்ற கோப்பு இருக்கும். அடைவின் பெயரில் என், எம் இரண்டும் பேரெழுத்து. கோப்பில் ‘வைஃபை.பவர்சேவ் = 3’ என்று இருப்பதை 2 ஆக்குங்கள். பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்; ஆனால் அழைப்பு அறுந்துபோகாது.

நாட்டுக் குறி

எந்தச் சானலில் எவ்வளவு சக்தியோடு பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ என்று கேட்டால் கர்னல் உங்களை எந்த நாட்டில் வைத்திருக்கிறது என்று சொல்லும். ‘00’ என்று வந்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத நிலை. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் மிகக் கறாரான விதிகளைப் பின்பற்றும். 5 கிகாஹெர்ட்ஸில் தானாகப் பேச்சைத் தொடங்காது. இந்தியாவில் இருப்பவர்கள் ‘சுடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்’ என்று கொடுக்கலாம். ஐ, என் இரண்டும் பேரெழுத்து. இந்தியாவில் 2018 அக்டோபரில்தான் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. இன்டெல் கார்டுகளில் பல ‘செல்ஃப்-மேனேஜ்டு’ என்று காட்டி, தாமே சுற்றியிருக்கும் ரவுட்டர்களைப் பார்த்து நாட்டைத் தீர்மானிக்கும். அங்கே நீங்கள் தட்டும் குறிக்கு மதிப்பில்லை. அதிக சக்திக்காக வேறு நாட்டின் குறியைப் போடச் சொல்லும் குறிப்புகளைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, வேகத்துக்கும் உதவாது.

ஃபர்ம்வேரும் கர்னலும்

கார்டுக்குள்ளேயே ஒரு சிறு நிரல் ஓடுகிறது. அதை டிரைவர் ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட வேண்டும். ‘சுடோ டிஎம்ஈஎஸ்ஜி’ என்று தட்டி, அதில் டிரைவரின் பெயர் வரும் வரிகளைப் படியுங்கள். ‘ஃபெயில்டு டு லோட்’ என்று கோப்பின் பெயரோடும் மைனஸ் 2 என்ற பிழையெண்ணோடும் வந்தால், அந்தக் கோப்பு கணினியில் இல்லை என்று அர்த்தம். ஒரு விதிவிலக்கு: இன்டெல் கார்டில் ‘யோயோ’ என்ற பெயருள்ள கோப்பு இல்லை என்று வரும் வரி. அது டிரைவர் எழுதுவோர் பிழை தேடப் பயன்படுத்தும் கோப்பு, உங்களுக்குத் தேவையே இல்லை. இந்த ஒரு வரியைப் பார்த்து இரவெல்லாம் அலைந்தவர்கள் உண்டு.

உபுண்டுவில் ஃபர்ம்வேர் எல்லாம் ‘லினக்ஸ்-ஃபர்ம்வேர்’ தொகுப்பில் வருகிறது. அப்டேட் செய்தால் போதும். டெபியனில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவியே தேவையான ஃபர்ம்வேரைச் சேர்த்துவிடுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நாமே தனியாகப் போட வேண்டியிருந்தது.

‘யுநேம் -ஆர்’ உங்கள் கர்னல் பதிப்பைச் சொல்லும். புதிய கார்டு, பழைய கர்னல் என்ற சேர்க்கையில் வேகக் குறைவு சாதாரணம். கர்னலை மாற்றலாமா என்று யோசிப்பதற்கு முன், புதிய உபுண்டுவையோ ஃபெடோராவையோ ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே லேப்டாப்பை இயக்கி ஐபெர்ஃப்3 ஓட்டுங்கள். அங்கே வேகம் சரியாக இருந்தால் புதிய கர்னல்தான் மருந்து என்று உறுதியாகிவிடும். அங்கேயும் அதே வேகம் என்றால் கர்னலை மாற்றும் வேலை மிச்சம். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

ரியல்டெக் வைத்திருப்பவர்களுக்கு

ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தும் சிக்னல் மைனஸ் 80 காட்டுகிறதா? கார்டு ஆர்டிஎல்8723பிஈ என்றால் காரணம் பெரும்பாலும் ஆன்டெனா. கார்டில் இரண்டு ஆன்டெனா முனைகள் இருக்கும். தயாரிப்பாளர் ஒன்றில் மட்டும் ஒயரை மாட்டியிருப்பார். டிரைவர் காலி முனையில் காது வைத்துக் காத்திருக்கும். ‘/ஈடிசி/மோட்ப்ரோப்.டி’ அடைவில் ஒரு புதிய கோப்பு உருவாக்கி ‘ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஈ ஏஎன்டி_எஸ்ஈஎல்=2’ என்று ஒரு வரி எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கோப்பின் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிய வேண்டும். சரிவராவிட்டால் 2-ஐ 1 ஆக்குங்கள். சரியான முனை கிடைத்ததும் சிக்னல் மளமளவென்று ஏறிவிடும்.

யுஎஸ்பி டாங்கிள்களுக்குக் கர்னலுக்கு வெளியே கிடைக்கும் டிரைவரைத் தாமே கம்பைல் செய்து போட்டவர்கள் பலர். கர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் அது உடைய வாய்ப்பு உண்டு. செக்யூர் பூட் என்ற தொடக்கநிலைப் பாதுகாப்பு இயங்கியிருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவர் ஏறவே ஏறாது. இப்போது அந்தத் தொல்லை பலருக்குத் தேவையில்லை. ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கர்னல் 6.2-இலிருந்து யுஎஸ்பி கார்டுகளையும் ஓட்டுகிறது. 8812ஏயு, 8821ஏயு வகைகள் பின்னர் சேர்ந்தன. ரியல்டெக் கார்டுகள் லினக்ஸில் இந்த அளவுக்கு ஓடுவதற்கு லாரி ஃபிங்கர் என்ற தன்னார்வலர் பல ஆண்டுகள் உழைத்தார். 2024 ஜூனில் அவர் மறைந்தார். இந்த டிரைவர்களில் ஒன்றைப் பயன்படுத்தும் எவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

வேகத்தைக் கையால் பூட்டாதீர்கள்

‘ஐடபிள்யூ’வில் வேகத்தை ஒரே எண்ணில் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. 54 காட்டினால் 300 என்று பூட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சத்தமான கல்யாண மண்டபத்தில் எதிரிலிருப்பவர் காதில் விழவில்லை என்றால் நிதானமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வோம் அல்லவா? டிரைவருக்குள் இருக்கும் வேகத் தேர்வு நிரலும் அதைத்தான் செய்கிறது. பல டிரைவர்களுக்குப் பொதுவான ‘மின்ஸ்ட்ரல்’ என்ற நிரல், அவ்வப்போது வேறு வேகங்களையும் கொஞ்சம் முயன்று பார்த்து, எதில் அதிகப் பாக்கெட்டுகள் பத்திரமாகப் போய்ச் சேர்கின்றனவோ அதைப் பிடித்துக்கொள்கிறது. அதன் கையைக் கட்டி உச்ச வேகத்தில் நிறுத்தினால் பாதி பாக்கெட்டுகள் விழும், மறுபடி அனுப்ப வேண்டிவரும், கடைசியில் முன்பைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். லிங்க் எண் பார்க்க அழகாக இருக்கும், ஐபெர்ஃப்3 உண்மையைச் சொல்லிவிடும்.

எதுவும் சரிவராவிட்டால்

உதவி கேட்கும்போது “வைஃபை ஸ்லோ” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. கார்டின் அடையாள எண், டிரைவர், கர்னல் பதிப்பு, ஐபெர்ஃப்3 இரண்டு திசையிலும் சொன்னது, அது ஓடும்போது எடுத்த லிங்க் வரிகள், டிஎம்ஈஎஸ்ஜியில் டிரைவர் சொன்னவை, எந்தக் கர்னலில் நன்றாக ஓடியது என்ற தகவல் இருந்தால் அதுவும். இவ்வளவும் ஒரே செய்தியில் இருந்தால் டிரைவர் எழுதுபவர்களே வந்து பார்ப்பார்கள். உங்கள் கார்டின் பழுதை அவர்கள் சரிசெய்தால் அதே கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அது சரியாகும்.

கார்டையே மாற்றுவதும் ஒரு வழிதான், அதில் தப்பே இல்லை. பல லேப்டாப்களில் வைஃபை கார்டு ஒரு திருகு, இரண்டு ஒயரோடு கழன்று வரும். சிலவற்றில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். எம்.2 வகை இடம் இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 லினக்ஸில் நன்றாக ஓடும். பெயர் ஒத்துப்போகிறதே என்று ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கிவிடாதீர்கள். அவற்றின் பாதி வேலையை இன்டெல் பிராசஸர் பக்கம் செய்வதால், அதற்கென்று அமைந்த இன்டெல் போர்டில் மட்டுமே வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்பில் ஓடாது. பழைய எச்பி, லெனோவா மாடல்கள் சிலவற்றில் தாங்கள் அனுமதித்த கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் பயாஸ் ஏற்காது. உங்கள் மாடலுக்கு அந்தத் தடை உண்டா என்று வாங்கும் முன் தேடிப் பாருங்கள். பழைய மினி பிசிஐஈ கார்டின் ஆன்டெனா முனையைவிட எம்.2 கார்டின் முனை சிறியது. ஒயரின் தலை பொருந்தாவிட்டால் அழுத்தித் திணிக்காமல் அதற்கான இணைப்பு ஒயரை வாங்கி மாட்டுங்கள். மாட்டிய பிறகு தாளில் குறித்துவைத்த பழைய எண்களை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் உட்கார்ந்து ஐபெர்ஃப்3-ஐ இரண்டு திசையிலும் ஓட்டுங்கள்.